டிவி, பிராட்பேண்ட், போன் மூன்றும் ஒரே பில்லில்: உண்மையில் எவ்வளவு மிச்சம்?

மதுரையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. அவர் வீட்டில் கேபிள் டிவிக்கு மாதம் 280 ரூபாய், 100 எம்பிபிஎஸ் வேகமுள்ள பிராட்பேண்டுக்கு 699 ரூபாயும் வரியும் சேர்த்து 825 ரூபாய், அப்பா பல ஆண்டுகளாக வைத்திருக்கும் லேண்ட்லைனுக்கு ஏறத்தாழ 300 ரூபாய், இரண்டு பிரீபெய்டு கைபேசிகளுக்குத் தலா 299 ரூபாய் என மொத்தம் சுமார் 2,000 ரூபாய் செலவாகிறது. இப்போது ஒரு நிறுவனம் இதே வேகமுள்ள ஃபைபர் இணைப்பு, அதிலேயே லேண்ட்லைன், செட்டாப் பாக்ஸுடன் டிவி, இரண்டு போஸ்ட்பெய்டு சிம் ஆகிய அனைத்தையும் ஒரே பில்லில் 1,599 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறது. மாறினால் மாதம் 400 ரூபாய் மிச்சம்தானே என்கிறார். இந்தக் கேள்விக்குள் உண்மையில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அந்த 400 ரூபாய் சரியான கணக்கா என்பது ஒன்று. இப்போது வாங்குவதும் இனி வாங்கப் போவதும் ஒரே பொருள்தானா என்பது மற்றொன்று. முதலாவதற்குத் துல்லியமாகவே பதில் சொல்ல முடியும். இரண்டாவதற்கு ஓரளவுக்குத்தான் முடியும்.

தொலைத்தொடர்புத் துறையில் பில்லிங், கட்டணத் திட்டம் ஆகிய பிரிவுகளில் நீண்ட காலம் பணியாற்றியவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். கட்டணத்தின் அமைப்பு, வரி, விதிமுறை ஆகியவற்றைப் பற்றி நான் சொல்வதை உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். உங்கள் தெருவில் எந்த நிறுவனத்தின் கேபிள் ஒழுங்காக வேலை செய்கிறது, பழுதென்றால் யார் அன்றைக்கே ஆள் அனுப்புகிறார்கள் என்பதெல்லாம் தொலைவிலிருந்து யாராலும் சொல்ல முடியாதவை. அதற்குப் பக்கத்து வீட்டாரைத்தான் கேட்க வேண்டும். கட்டணங்களும் ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறுகின்றன. எனவே நான் போடும் கணக்கு உங்கள் எண்களை வைத்துப் போட்டது. வேறு யாரேனும் இதைப் பின்பற்றுவதானால் தங்கள் பில்லில் உள்ள எண்களை வைத்தே போட்டுப் பார்க்க வேண்டும்.

முதலில் வரியை எடுத்துக்கொள்வோம். இணையம், தொலைபேசி, கேபிள், டிடிஎச் அனைத்துக்கும் ஜிஎஸ்டி 18 விழுக்காடு. ஆனால் விலையைச் சொல்லும் முறை சேவைக்குச் சேவை வேறுபடுகிறது. பிரீபெய்டு கைபேசி ரீசார்ஜ் 299 என்றால் அது வரி உட்பட்ட தொகை. பிராட்பேண்ட் திட்டம் 699 என்றாலும், போஸ்ட்பெய்டு திட்டம் 449 என்றாலும், வரி அதற்கு மேல்தான் வரும். கேபிள்காரர் வீட்டுக்கு வந்து வாங்கும் தொகை பெரும்பாலும் எல்லாம் சேர்ந்த முழுத்தொகை. ஒரே பில் திட்டங்களை விளம்பரம் செய்யும்போது வரியில்லாத எண்ணைத்தான் பெரிய எழுத்தில் போடுவார்கள். உங்களுக்குச் சொல்லப்பட்ட 1,599 ரூபாய் வரி சேர்ந்தால் 1,887 ரூபாய் ஆகிறது. நீங்கள் 400 என்று நினைத்த மிச்சம் இந்த ஓர் இடத்திலேயே 116 ரூபாயாகச் சுருங்கிவிடுகிறது.

அடுத்தது நாள் கணக்கு. இது உங்களுக்குச் சாதகமாகவே இருக்கிறது. 299 ரூபாய் ரீசார்ஜ் 28 நாளுக்கு மட்டுமே செல்லும் என்றால், ஆண்டுக்குப் பன்னிரண்டு முறையல்ல, பதின்மூன்று முறை ரீசார்ஜ் செய்ய வேண்டும். 299-ஐ 13-ஆல் பெருக்கி 12-ஆல் வகுத்தால் மாதத்துக்கு 324 ரூபாய் வருகிறது. ஆக, இரண்டு கைபேசிகளுக்கு நீங்கள் உண்மையில் செலவிடுவது 598 அல்ல, 648. இதைச் சேர்த்தால் இன்றைய உங்கள் செலவு 2,053 ரூபாய். மாறினால் மிச்சம் 166 ரூபாய். இந்த 28 நாள் வழக்கத்தைப் பற்றி நுகர்வோர் தரப்பிலிருந்து வந்த புகார்களுக்குப் பிறகுதான், ஒவ்வொரு நிறுவனமும் 30 நாள் செல்லும் திட்டம் ஒன்றையும், மாதந்தோறும் அதே தேதியில் புதுப்பிக்கக்கூடிய திட்டம் ஒன்றையும் வைத்திருக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் 2022-இல் உத்தரவிட்டது. அந்தத் திட்டங்கள் இருக்கின்றன. ஆனால் செயலியின் முதல் பக்கத்தில் அவை தென்படுவது அரிது, தேடித்தான் எடுக்க வேண்டும்.

இதுவரை போட்டது, இன்றைக்கு ஆகும் செலவையும் புதிய திட்டத்தையும் ஒப்பிடும் கணக்கு. ஆனால் நான் உங்களிடம் முக்கியமாகச் சொல்ல விரும்புவது, அந்த ஒப்பீடே சரியான ஒப்பீடு அல்ல என்பதுதான். இன்றைய செலவு என்பது பல ஆண்டுகளில் ஒவ்வொன்றாகச் சேர்ந்து, பிறகு யாரும் திரும்பிப் பார்க்காமல் விட்ட தொகை. விற்பனையாளர் உங்கள் பழைய பில்லைக் கேட்டு வாங்கிப் பார்ப்பதும் அதனால்தான்: பழைய பில்லில் இருக்கும் வீண் செலவு முழுவதையும் தன் திட்டத்தால் வந்த மிச்சம் என்று காட்டிவிட முடியும். அந்த வீண் செலவை நீங்கள் யாரிடமும் மாறாமலே நீக்கிக்கொள்ள முடியுமா என்று முதலில் பார்க்க வேண்டும். அப்படி நீக்கிய பின் தனித்தனியாக ஆகும் செலவு எவ்வளவோ, அதனோடுதான் 1,887 ரூபாயை ஒப்பிட வேண்டும்.

உங்கள் வீட்டில் அந்த வீண் செலவு லேண்ட்லைனில் இருக்கிறது. ஃபைபர் இணைப்பு தரும் நிறுவனங்களில் பெரும்பாலானவை அதே இணைப்பில் உள்நாட்டு அழைப்புகளுக்கு வரம்பில்லாத தொலைபேசியையும் கூடுதல் கட்டணமின்றித் தருகின்றன. ஏனெனில் ஃபைபர் வீட்டுக்குள் வந்துவிட்ட பிறகு அதில் ஒரு குரல் இணைப்பைச் சேர்ப்பதற்கு நிறுவனத்துக்கு ஆகும் செலவு மிகக் குறைவு. உங்கள் 699 ரூபாய் திட்டத்திலும் அந்த வசதி ஏற்கெனவே இருக்க வாய்ப்பு அதிகம். வீட்டிலிருக்கும் மோடத்தின் பின்பக்கம் தொலைபேசிக் கம்பி செருகும் துளை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்து, அதை உங்கள் நிறுவனம் இயக்கியும் தருமானால், மாதம் 300 ரூபாய் கொடுக்கும் பழைய இணைப்பு செலவுக் கணக்கில் தேவையற்றதாகிறது. அதை எடுத்துவிட்டால் தனித்தனிச் செலவு 1,753 ரூபாய். ஒரே பில் திட்டம் 1,887 ரூபாய். மாதம் 400 ரூபாய் மிச்சம் என்று தொடங்கிய பேச்சு, மாதம் 134 ரூபாய் கூடுதல் என்ற இடத்தில் வந்து நிற்கிறது. இரண்டு ஆண்டுக்குக் கணக்கிட்டால் ஒரு பக்கம் ஏறத்தாழ 42,000 ரூபாய், மறுபக்கம் ஏறத்தாழ 45,300 ரூபாய்.

ஆனால் அந்தப் பழைய லேண்ட்லைனைத் துண்டிக்கும் முன் இரண்டு விஷயங்களை அப்பாவிடம் கலந்து பேசுங்கள். ஒன்று, எண். கைபேசி எண்ணை நாடு முழுவதும் எந்த நிறுவனத்துக்கும் மாற்றிக்கொள்ளும் வசதி 2015 முதல் இருக்கிறது. ஆனால் லேண்ட்லைன் எண்ணை ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு அப்படிக் கொண்டுபோக முடியாது. உறவினர்களும் பழைய நண்பர்களும் மனப்பாடமாக வைத்திருக்கும் எண் போய்விடும். இது பணத்தால் அளக்க முடியாதது. வயதானவர்களுக்கு இதன் அருமை அதிகம் என்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். அந்த எண் வேண்டுமென்றால், அதே நிறுவனம் உங்கள் தெருவில் ஃபைபர் தருகிறதா, அதே எண்ணை ஃபைபருக்கு மாற்றித் தருகிறதா என்று கேளுங்கள். தந்தால், லேண்ட்லைனை நீக்குவதற்குப் பதிலாகப் பிராட்பேண்டை அங்கே மாற்றிக்கொள்வதே எல்லாவற்றிலும் நல்ல வழியாக அமையலாம். எண்ணும் நிலைக்கும், மாதம் 300 ரூபாயும் மிஞ்சும்.

மற்றொன்று மின்சாரம். பழைய செம்புக் கம்பி லேண்ட்லைனுக்கு வேண்டிய மின்சாரம் தொலைபேசி நிலையத்திலிருந்தே அந்தக் கம்பி வழியாக வந்தது; வீட்டில் கரண்ட் போனாலும் சாதாரணத் தொலைபேசி வேலை செய்தது. ஃபைபரில் அப்படியில்லை. வீட்டிலுள்ள மோடத்துக்குக் கரண்ட் இல்லையென்றால் இணையமும் இல்லை, லேண்ட்லைனும் இல்லை. 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பிறகு டெல்டா மாவட்டங்களிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையிலும் கரண்ட் இல்லாமல் கழிந்த நாட்களை நினைத்துப் பார்த்தால் இது சிறிய விஷயம் அல்ல. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் மோடத்தை அதில் இணைத்துவிடுங்கள்; இல்லையென்றால் மோடத்துக்கென்றே விற்கும் 12 வோல்ட் சிறிய யுபிஎஸ் ஒன்றை வாங்கி, அந்தச் செலவையும் கணக்கில் சேருங்கள். சில மணி நேர மின்வெட்டுக்கு அது போதும், பல நாள் மின்வெட்டுக்குப் போதாது. வயதானவர்கள் தனியாக இருக்கும் வீடாக இருந்தால், அவர்களிடம் எப்போதும் சார்ஜ் இருக்கும் கைபேசி ஒன்றும் இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருப்பேன்.

அடுத்து, ஒரே பில் திட்டத்தில் தள்ளுபடி எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்க்க வேண்டும். இதைப் புரிந்துகொண்டால் எந்த நிறுவனத்தின் திட்டத்தையும் நீங்களே பிரித்துப் பார்க்கலாம். டிவி அலைவரிசைகளின் விலையில் கேபிள், டிடிஎச் நிறுவனங்களுக்கு இருக்கும் இடம் குறுகியது. 2019-இல் நடைமுறைக்கு வந்த ட்ராய் கட்டண முறையின்படி, கட்டண அலைவரிசை ஒவ்வொன்றுக்கும் அதன் உரிமையாளரே எம்ஆர்பி விலையை அறிவிக்கிறார். அப்போது சன் டிவிக்கு 19 ரூபாய், ஸ்டார் விஜய்க்கு 17 ரூபாய் என்று அறிவித்தார்கள். விநியோகிக்கும் நிறுவனத்துக்கு அதில் 20 விழுக்காடு பங்கு. உரிமையாளர் விரும்பினால் மேலும் 15 விழுக்காடு வரை தள்ளுபடி தரலாம். மீதியை உரிமையாளருக்குக் கொடுத்தே தீர வேண்டும். ஆகவே டிவி பகுதியில் பெரிய தள்ளுபடி கொடுப்பதற்குக் கையில் பணம் இல்லை. லேண்ட்லைனுக்கு ஏறக்குறைய செலவே இல்லை. கைபேசிக் கட்டணமோ 2024 ஜூலையில் பெரிய தனியார் நிறுவனங்கள் எல்லாம் ஒரே வாரத்தில் ஏற்றியது; ஒரு நிறுவனத்தில் 239 ரூபாயாக இருந்த 28 நாள் திட்டம் அன்று 299 ஆயிற்று. மிஞ்சுவது பிராட்பேண்ட். ஃபைபர் ஒருமுறை போடப்பட்ட பிறகு 40 எம்பிபிஎஸ் வேகத்துக்கும் 100 எம்பிபிஎஸ் வேகத்துக்கும் நிறுவனத்துக்கு ஆகும் செலவில் பெரிய வேறுபாடு இல்லை. ஒரே பில்லில் தெரியும் தள்ளுபடியின் பெரும்பகுதி பிராட்பேண்டின் லாபத்திலிருந்து விட்டுக்கொடுப்பதே. அதனால் அந்த நிறுவனத்திடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, பிராட்பேண்டை மட்டும் தனியாக, ஓராண்டுக்கு முன்பணம் கட்டினால் என்ன விலை என்பதுதான். பன்னிரண்டு மாதத்துக்குக் கட்டினால் ஒரு மாதம் கூடுதலாகத் தரும் வழக்கம் இருக்கிறது. அந்த வகையில் உங்கள் 825 ரூபாய் 761 ஆகக் குறையும். வாடகை வீட்டில் இருப்பவர்களும், ஓராண்டுக்குள் ஊர் மாற வாய்ப்புள்ளவர்களும் மட்டும் இதைத் தவிர்ப்பது நல்லது.

நிறுவனங்கள் ஏன் அப்படியாவது சேர்த்து விற்க விரும்புகின்றன என்று கேட்கலாம். பில்லிங் பிரிவில் இருந்தவர்கள் அனைவரும் அறிந்தது இது: ஒரு சேவை மட்டும் வைத்திருக்கும் வாடிக்கையாளர் எளிதில் விலகிப் போவார், மூன்று நான்கு சேவைகளை ஒரே இடத்தில் வைத்திருப்பவர் விலகுவது அரிது. விலகினால் எண், டிவி, இணையம் அனைத்துக்கும் ஒரே நேரத்தில் மாற்று தேட வேண்டும் என்பதால், சேவை சற்று மோசமானாலும் பொறுத்துக்கொள்வார், கட்டணம் சற்று ஏறினாலும் கட்டிவிடுவார். நிறுவனம் தரும் தள்ளுபடி, நீங்கள் விலகாமல் இருப்பதற்குத் தரும் விலை. அதை வாங்குவது தவறென்று நான் சொல்லவில்லை. ஆனால் விலை என்ற முறையில் அது போதுமானதா என்று பார்க்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.

வேகத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் தேவைக்கு மேல் வாங்குவது பெரும்பாலும் இதில்தான் நடக்கிறது. ஹெச்டி தரத்தில் ஒரு படம் ஓடுவதற்கு 5 எம்பிபிஎஸ் அளவு வேகம் போதும். 4கே தரத்துக்கு 15 முதல் 25 வரை. ஐந்து பேர் உள்ள வீட்டில் மூன்று திரைகளில் ஒரே நேரத்தில் ஹெச்டி படம் ஓடி, இன்னொருவர் வீடியோ அழைப்பில் இருந்தாலும் 40 எம்பிபிஎஸ் தாங்கும். பல நிறுவனங்கள் குறிப்பிடும் 3,300 ஜிபி மாத டேட்டா வரம்பும் அப்படியே, தேவைக்கு மேல்தான். ஹெச்டி படம் மணிக்கு ஏறத்தாழ 3 ஜிபி எடுத்துக்கொள்ளும் என்று வைத்துக்கொண்டால், ஒரு டிவி மாதம் முழுவதும் இரவு பகலாக ஓடினாலும் 2,160 ஜிபிதான் ஆகும். 499 ரூபாய்க்கு 40 எம்பிபிஎஸ் திட்டம் உங்களுக்குக் கிடைக்குமானால் வரியோடு 589 ரூபாய். இப்போது கொடுப்பதைவிட மாதம் 236 ரூபாய் குறைவு. வீட்டிலிருந்தே வேலை பார்த்துப் பெரிய கோப்புகளை அனுப்புகிறவர் இருந்தால் மட்டும் 100-ஐ வைத்திருங்கள். வீட்டின் கடைசி அறையில் இணையம் மெதுவாக இருப்பதற்கு வேகம் குறைந்த திட்டம் காரணம் அல்ல. அது வைஃபை சுவரைத் தாண்டாத சிக்கல். மோடத்தை வீட்டின் நடுப்பகுதிக்கு மாற்றினாலோ, இன்னொரு ரௌட்டர் போட்டாலோ தீரும். 300 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு மாறினாலும் தீராது. ஒரு திட்டத்தை இன்னொன்றோடு ஒப்பிடும்போது இரண்டும் ஒரே வேகம் உள்ளவையாக இருக்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

டிவி பகுதிக்கு வருவோம். நீங்கள் கொடுக்கும் 280 ரூபாயில் 130 ரூபாய் அளவு இணைப்புக் கட்டணமாகவும், 107 ரூபாய் அளவு கட்டண அலைவரிசைகளுக்காகவும், மீதி வரியாகவும் இருக்கலாம். அந்த இணைப்புக் கட்டணத்துக்கு 130 ரூபாய் என்று ட்ராய் வைத்திருந்த உச்சவரம்பு 2024 ஜூலையில் நீக்கப்பட்டுவிட்டதால், இனி அது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். புதிய திட்டத்தில் ‘350 ரூபாய் மதிப்புள்ள அலைவரிசைகள்’ என்று எழுதியிருந்தால் அந்த எண்ணைப் பொருட்படுத்தாதீர்கள். வீட்டில் ஒரு வாரம் உண்மையில் எந்தெந்த அலைவரிசைகளைப் பார்க்கிறீர்கள் என்று குறித்துக்கொண்டு, அவை அந்தத் தொகுப்பில் இருக்கின்றனவா, சாதாரணத் தரத்திலா ஹெச்டி தரத்திலா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். தமிழ் வீடுகளில் பார்க்கும் அலைவரிசைகள் பெரும்பாலும் பத்துப் பதினைந்துக்குள் அடங்கிவிடும். மாமியார் பார்க்கும் தொடர் வரும் ஓர் அலைவரிசை இல்லையென்றால் மாறிய மறுநாளே அதைத் தனியாகச் சேர்க்க வேண்டி வரும். இரண்டாவது டிவி இருந்தால் அதற்குத் தனிப் பெட்டியும் தனிக் கட்டணமும் உண்டா என்பதை எழுத்தில் வாங்குங்கள். கேபிளில் இரண்டாவது பெட்டிக்கு உள்ளூர்க்காரர் வாங்கும் தொகைக்கும் இதற்கும் இடையே பெரிய வேறுபாடு இருக்கக்கூடும்.

டிவி எந்த வழியாக வரும் என்பதையும் கேட்க வேண்டும். சில திட்டங்களில் மாடியில் டிஷ் வைத்து டிடிஎச் தருவார்கள். சிலவற்றில் டிவியும் ஃபைபர் வழியாகவே வரும். பிந்தையதில் மாடியில் டிஷ் தேவையில்லை, மழையில் படம் உடையாது. ஆனால் தெருவில் பள்ளம் தோண்டும்போது ஃபைபர் அறுந்தால் இணையம், தொலைபேசி, டிவி மூன்றும் ஒன்றாக நின்றுவிடும். மதுரை போல எப்போதும் ஏதாவது ஒரு தெருவில் பாதாளச் சாக்கடைப் பணியோ குடிநீர்க் குழாய்ப் பணியோ நடக்கும் ஊரில் இதை யோசிக்காமல் இருக்க முடியாது. தனியாகக் கேபிள் இருந்தால் குறைந்தது டிவியாவது ஓடும். கைபேசி வேறு நிறுவனத்துடையது என்றால் அதன் ஹாட்ஸ்பாட்டைக் கொண்டு அவசர வேலையை முடிக்கலாம். வீட்டு இணையமும் இரண்டு கைபேசிகளும் ஒரே நிறுவனத்தில் இருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. மாதம் சில ரூபாய் கூடினாலும் பரவாயில்லை.

இணையம் வழியாகப் படங்களும் தொடர்களும் தரும் ஓடிடி சேவைகளை இலவசமாகத் தருவதாகச் சொன்னால், அவற்றில் எவற்றுக்கு நீங்கள் ஏற்கெனவே பணம் கட்டுகிறீர்களோ அவற்றை மட்டும் மிச்சமாகக் கணக்கிடுங்கள். நெட்ஃபிளிக்ஸ் 2021 இறுதியில் அறிவித்த விலைப்படி கைபேசித் திட்டம் 149, அடிப்படைத் திட்டம் 199, அதற்கு மேல் 499, 649. திட்டத்துடன் வருவது இதில் எது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கைபேசியில் மட்டும் பார்க்கக்கூடியது வருமானால் டிவியில் பார்ப்பதற்காக நீங்கள் கட்டுவதை நிறுத்த முடியாது. பணம் கட்டாத, கட்ட நினைக்காத இருபது செயலிகள் சேர்ந்து வந்தாலும் அவற்றின் மதிப்பு உங்கள் கணக்கில் பூஜ்யம்.

கைபேசிகளை ஒரே பில்லில் சேர்ப்பதில் நான் எச்சரிக்கையாக இருக்கச் சொல்வது பணம் தொடர்பான இரண்டு காரணங்களுக்காக. பிரீபெய்டிலிருந்து போஸ்ட்பெய்டுக்குப் போனால், பிறகு எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்ற வேண்டுமானால் நிலுவை முழுவதையும் கட்டியிருக்க வேண்டும். டிவி கட்டணத்தில் ஏதோ தகராறு என்று பில்லைக் கட்டாமல் நிறுத்தினால் கைபேசி எண்ணும் அதில் மாட்டிக்கொள்ளும். மற்றொன்று, வீட்டில் பேச மட்டும் கைபேசி வைத்திருப்பவருக்கு டேட்டாவோடு கூடிய போஸ்ட்பெய்டு சிம் வீண். டேட்டா இல்லாமல் பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான ரீசார்ஜைத் தனியாகத் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் ட்ராய் விதி செய்திருக்கிறது. அதன் செல்லுபடிக் காலம் 365 நாள் வரை இருக்கலாம். வீட்டில் வைஃபை இருக்கும்போது பெரியவர்களின் கைபேசிக்கு அது பெரும்பாலும் போதும்.

இவ்வளவு சொன்ன பிறகு, சேர்த்து வாங்குவது உண்மையிலேயே லாபமாக அமையும் வீடுகளும் இருக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். புதிதாகக் குடிபோகும் வீட்டில் எந்த இணைப்பும் இல்லாமல் எல்லாவற்றையும் முதலிலிருந்து வாங்குகிறவர்களுக்கு, நிறுவுதல் கட்டணத்தையும் செட்டாப் பாக்ஸ் விலையையும் தள்ளுபடி செய்வது சில ஆயிரம் ரூபாய் லாபம். ஏற்கெனவே மூன்று நான்கு போஸ்ட்பெய்டு எண்கள் ஒரே நிறுவனத்தில் இருக்கும் குடும்பத்துக்கும், ஓடிடிக்கு மாதம் ஐநூறு ரூபாய்க்கு மேல் தனியாகக் கட்டுகிறவர்களுக்கும் கணக்குப் பெரும்பாலும் சாதகமாகவே வரும். வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் பெற்றோருக்காக மாதம் ஒரே தேதியில் ஒரே தொகை கட்டினால் போதும் என்ற நிம்மதிக்காக நூறு ரூபாய் கூடுதலாகக் கொடுப்பதும் நியாயமானதே. உங்கள் நிலைமை இவற்றில் எதுவும் இல்லை என்பதால்தான் உங்களுக்கு வேறு பதில் சொல்கிறேன்.

இனி உறுதியாகச் சொல்ல முடியாதவை. அந்த 1,599 ரூபாய் எத்தனை நாள் நிற்கும் என்பது அவற்றில் முதலாவது. ஒரு திட்டத்தில் சேர்ந்தவருக்கு ஆறு மாதத்துக்குள் கட்டணத்தை உயர்த்தக் கூடாது என்ற பாதுகாப்பு தொலைத்தொடர்புச் சேவைகளுக்கு இருக்கிறது. அதற்குப் பின் என்ன ஆகும் என்று விற்பனையாளர் தரும் வாய்மொழி உறுதிக்கு மதிப்பில்லை. ‘முதல் ஆண்டுக்கு மட்டும்’ என்ற சொற்கள் விதிமுறைப் பக்கத்தில் எங்காவது இருக்கின்றனவா என்று படித்துப் பாருங்கள். ஓடிடி பட்டியலும் அப்படியே. நிறுவனங்களுக்கிடையிலான ஒப்பந்தம் முடிந்தால் ஒரு செயலி நீங்கும், கட்டணம் குறையாது. விலை ஏறும் என்று வைத்துக்கொண்டு முடிவெடுப்பதுதான் பாதுகாப்பு.

ஆகவே உங்கள் எண்களுக்கு என் பதில்: இப்போதைக்கு அந்தத் திட்டத்தை எடுக்க வேண்டாம். இருக்கும் பிராட்பேண்டில் குரல் வசதியை இயக்கச் சொல்லுங்கள், அல்லது லேண்ட்லைன் நிறுவனத்தின் ஃபைபருக்கு எண்ணோடு மாறுங்கள். 40 எம்பிபிஎஸ் திட்டத்தை ஒரு மாதம் பரிசோதித்துப் பாருங்கள். கேபிளைத் தொடாதீர்கள். இதைச் செய்தாலே உங்கள் மாதச் செலவு 1,517 ரூபாய்க்கு வந்துவிடும். ஒரே பில் நிறுவனம் இதே 40 எம்பிபிஎஸ் வேகத்தில், வரியெல்லாம் சேர்த்து 1,500 ரூபாய்க்குக் கீழே எழுத்தில் தந்தால் மறுபடி யோசிக்கலாம்.

எப்படி மாறினாலும் பழைய இணைப்பை உடனே துண்டிக்காதீர்கள். புதிய இணைப்பு இரண்டு மூன்று வாரம் ஒழுங்காக ஓடிய பிறகு, பழைய நிறுவனத்துக்குச் செயலியிலோ மின்னஞ்சலிலோ பதிவாகும்படி விண்ணப்பம் கொடுங்கள். மோடம், செட்டாப் பாக்ஸ் ஆகியவற்றைத் திருப்பிக் கொடுக்கும்போது அவற்றின் வரிசை எண் எழுதிய ரசீது வாங்குங்கள். ஓராண்டு கழித்து மோடத்துக்குப் பணம் கேட்டு நோட்டீஸ் வருவது அரிதல்ல. லேண்ட்லைனுக்கு அப்பா அந்தக் காலத்தில் கட்டிய முன்வைப்புத் தொகை இருந்தால் அதைக் கேட்டு வாங்குங்கள். 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த ட்ராய் சேவைத்தர விதிகள் அதை 45 நாட்களுக்குள் திருப்பித் தரச் சொல்கின்றன. தராவிட்டால் முதலில் நிறுவனத்தின் புகார் மையம், பிறகு அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரி; ட்ராய் தனிநபர் புகார்களைத் தானே விசாரிப்பதில்லை. அங்கும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்கு எதிரான வழக்குகளை நுகர்வோர் ஆணையங்கள் விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தெளிவாகத் தீர்ப்பளித்திருக்கிறது.